வெள்ளியும் வெண்கலமும்: விக்டோரியா காலப் போர்ப் பதக்கத்தில் விடுபட்ட தோள்கள்

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து போர்முனைக்குப் போனவர்களில் துப்பாக்கி ஏந்தியவர்களின் கதை ஓரளவாவது எழுதப்பட்டிருக்கிறது. காயம்பட்டவரைத் தூக்கி வந்தவர்கள், புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டவர்கள், காலரா கண்டவருக்கு இரவெல்லாம் தண்ணீர் கொடுத்தவர்கள் ஆகியோரின் கதைக்கு ஏடுகளில் இடம் கிடைக்கவில்லை. அவர்களைத் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் பெரும்பாலும் ஒரு வட்ட உலோகத் துண்டுதான். அது எந்த உலோகத்தில் அடிக்கப்பட்டது, விளிம்பில் யார் பெயர் பொறிக்கப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடினால், அன்றைய படை மருத்துவம் எந்த அடுக்குகளின் மேல் நின்றது என்பது விளங்கிவிடும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைக் கொங்கு நாட்டில் நின்று கேட்கிறது. அதற்குக் காரணம் இரண்டு. தென்னிந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் உடல் தேறுவதற்காக அமைக்கப்பட்ட பெரிய மலை முகாம், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்தான் எழுந்தது. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய தமிழ்க் கூலிகள், தென்னாப்பிரிக்கப் போரில் காயம்பட்டவர்களைச் சுமக்கும் தோள்களாக மாறினார்கள். மலைப்பாதையில் சுமந்தவர், போர்க்களத்தில் சுமந்தவர் ஆகிய இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதக்கத்தின் முழுப் பொருளும் பிடிபடும்.

பதக்கத்தை வாசிக்கும் முறை

போர்ப் பதக்கம் வேறு, வீர விருது வேறு. விக்டோரியா கிராஸ் போன்றவை தனி ஒருவரின் தீரச் செயலுக்குத் தரப்பட்டவை. போர்ப் பதக்கமோ, இன்ன போரில், இன்ன நாட்களில், இன்ன எல்லைக்குள் பணியில் இருந்தார் என்பதற்கான சான்று. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வடிவம்தான்.

1854ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் 36 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் மகுடம் அணிந்த விக்டோரியாவின் தலை. பின்பக்கத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை, அமர்ந்திருக்கும் வீரனுக்கு மாலை சூட்டுகிறாள். அடியில் தாமரை. சிவப்பு நாடாவில் இரண்டு நீலக் கோடுகள். நாடாவின் மேல் வெள்ளிப் பட்டை ஒன்று, எந்தப் போர் என்பதைச் சொல்கிறது. 1852–53ஆம் ஆண்டு பர்மா போருக்கு ‘பெகு’ என்ற பட்டை, அடுத்த பர்மா போருக்கு ‘பர்மா 1885–7’ என்ற பட்டை. ஒருவர் இரண்டாம் முறை போருக்குப் போனால் புதுப் பதக்கம் கிடையாது. பழைய பதக்கத்தில் இன்னொரு பட்டை ஏறும். இப்படி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒரே பதக்கம் வழக்கில் இருந்தது.

ஆய்வாளருக்குப் பயன்படுவது முகப்பை விட விளிம்பே. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அந்தக் குறுகிய விளிம்பில்தான் பொறிக்கப்பட்டன. அந்தப் பெயர் படைப்பிரிவு தயாரித்து அனுப்பிய பதக்கப் பட்டியலிலிருந்து வந்தது. அத்தகைய பட்டியல்கள் இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளிலும் இருக்கின்றன. படையின் பதிவேட்டில் ஒருவருக்கு எந்த இடமோ, பதக்கத்திலும் அதே இடம். பதிவேட்டில் ஏறாதவர் எத்தனை பேரைச் சுமந்திருந்தாலும் பதக்கத்தில் ஏற முடியாது.

சர்ஜன் முதல் டோலிக்காரர் வரை

பிரிட்டிஷ் படையில் மருத்துவப் பணிக்கென்று தனிச் சிப்பாய்கள் சேர்க்கப்பட்டதே கிரிமியப் போரின் பாடத்தால்தான். 1855இல் மருத்துவப் பணியாளர் படை தொடங்கி, 1857இல் படை மருத்துவமனைப் பிரிவாக மாறி, பல சீரமைப்புகளுக்குப் பின் 1898இல் ராயல் ஆர்மி மெடிக்கல் கோர் என்று பெயர் பெற்றது. அதன் சிப்பாய் வார்டைக் கூட்டுவார், கட்டுத்துணி சுருட்டுவார், அறுவையின்போது நோயாளியைப் பிடித்துக்கொள்வார், ஸ்ட்ரெச்சர் தூக்குவார். அவர் முறையாகப் படையில் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு வெள்ளிப் பதக்கம் உறுதி.

இந்தியாவில் ஏற்பாடு வேறு மாதிரி. மேல்தட்டில் லண்டனில் தேர்வெழுதி வந்த இந்திய மருத்துவச் சேவையின் சர்ஜன்கள். அவர்களுக்குக் கீழே, சென்னையிலேயே பயிற்றுவிக்கப்பட்ட சார்நிலை மருத்துவப் பணியாளர்கள். 1835இல் சென்னைப் பொது மருத்துவமனையை ஒட்டித் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் முதல் நோக்கமே படைக்கு இத்தகைய ஆட்களைத் தயாரிப்பதுதான். ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அப்பாத்தகரி ஆனார்கள். இந்தியர்கள் டிரெசர், பிறகு ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட் ஆனார்கள். 1850இல் அந்தப் பள்ளியே சென்னை மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. இன்று தமிழ்நாட்டின் பெருமையாக நிற்கும் ஒரு கல்வி நிறுவனம் படையின் தேவையிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் கீழே டோலிக்காரர்கள். மூங்கில் கம்பில் கட்டிய கட்டில், வெயிலுக்கும் மழைக்கும் மேலே கித்தான் மூடி. நான்கு பேர் தோள் கொடுப்பார்கள். மாற்றுத் தோளுக்கு ஆள் கூடவே நடக்கும். துப்பாக்கி கிடையாது. குண்டு வந்தால் தோளில் இருக்கும் ஆளைப் போட்டுவிட்டு ஓடவும் கூடாது. தண்ணீர்க்காரர், சமையற்காரர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருடன் இவர்களையும் ‘பின்தொடர்வோர்’ என்ற ஒரே தலைப்பில் படை எழுதி வைத்தது.

1857 செப்டம்பரில் லக்னோவில் காயம்பட்டவர்களைச் சுமந்து வந்த டோலி வரிசை எதிரிகளின் சூட்டில் சிக்கியது. அந்த நிகழ்ச்சியில் காயம்பட்டவர்களைக் காத்த சர்ஜன் அந்தோணி ஹோம், உதவி சர்ஜன் வில்லியம் பிராட்ஷா ஆகியோர் விக்டோரியா கிராஸ் பெற்றனர். அந்த டோலிகளைத் தூக்கி வந்தவர்களுக்கு அந்த விருதைக் கேட்கும் உரிமையே இல்லை. இந்தியர்களுக்கு விக்டோரியா கிராஸ் திறந்துவிடப்பட்டது 1911இல்தான்.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் மலைப்பாதை

நீலகிரியைத் தனி மாவட்டமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். 1868 வரை அதன் பெரும்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1819இல் மலையேறி, உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். சமவெளியின் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் சிப்பாய்கள் மடிவதைக் கண்ட சென்னை அரசுக்கு, குளிர்ந்த மலை ஒரு மருந்தாகத் தெரிந்தது. குன்னூருக்கு அருகே, படுகர் ஊரான ஜெகதளாவை ஒட்டிய மேட்டில், 1850களில் பெரிய படைக் குடியிருப்பு கட்டப்பட்டது. 1860இல் அதற்கு வெலிங்டன் என்று பெயரிட்டார்கள். உடல் தேற வேண்டிய வெள்ளைச் சிப்பாய்களுக்கு அது பல பத்தாண்டுகள் புகலிடமாக இருந்தது. இன்று அங்கேதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேல். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899இல். அதற்கு முந்தைய காலத்தில் நடக்க முடியாத நோயாளி மலையேற வேண்டுமானால் மாட்டு வண்டி, மட்டக்குதிரை, மஞ்சல், டோலி ஆகியவைதான் வழி. பவானி ஆற்றங்கரையின் புழுக்கத்தில் புறப்பட்டு, மலேரியாவுக்குப் பேர்போன அடிவாரக் காட்டைக் கடந்து, கல்லாற்றுக்கு மேல் வளைந்து ஏறும் பாதை அது. ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்து உயரத்துக்கு ஒரு நோயாளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவதை எண்ணிப் பார்க்க வேண்டும். மலைக் காற்று சிப்பாயைத் தேற்றியது என்று மருத்துவ அறிக்கைகள் எழுதும். அந்தக் காற்றுவரை அவரைக் கொண்டு சேர்த்தவை மனிதத் தோள்கள்.

கொங்கு நாட்டு மலைக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் துணித் தொட்டில் கட்டித் தூக்கி வரும் நிலை இருக்கிறது. ஆகவே டோலி சுமப்பதன் பாடு இங்குள்ளவர்களுக்கு விளங்காத ஒன்றல்ல.

1885: வெண்கலம் வருகிறது

மூன்றாம் பர்மா போர், சென்னைப் படைக்கு நெருக்கமான போர். படையை நடத்திய ஜெனரல் ஹாரி பிரெண்டர்காஸ்ட், மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் பிரிவிலிருந்து வந்தவர். 1885 நவம்பர் நடுவில் எல்லையைத் தாண்டிய படை, அந்த மாத முடிவுக்குள் மாண்டலேயைப் பிடித்து மன்னர் தீபாவைச் சிறைப்பிடித்தது. போர் இரண்டே வாரத்தில் முடிந்தது. நாட்டை அடக்குவது பல ஆண்டுகள் நீண்டது. காட்டுக்குள் சிறு சிறு முகாம்கள், ஓயாத மழை, காய்ச்சல், காலரா. இத்தகைய போரில் மருத்துவப் பணியாளரின் வேலை முடிவதே இல்லை.

இந்தப் போரிலிருந்துதான் பதக்கம் இரண்டு உலோகமாகப் பிரிந்தது. அதுவரை வெள்ளியில் மட்டும் தரப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம், இப்போது டோலிக்காரர், துப்புரவுப் பணியாளர், வண்டியோட்டி போன்ற ‘பின்தொடர்வோருக்கு’ வெண்கலத்தில் அடிக்கப்பட்டது. அதே ராணி, அதே தேவதை, அதே தாமரை. உலோகம் மட்டும் வேறு. 1896ஆம் ஆண்டு இந்தியப் பதக்கத்திலும், 1900ஆம் ஆண்டு சீனப் போர்ப் பதக்கத்திலும், 1903–04ஆம் ஆண்டு திபெத் பதக்கத்திலும் இதே முறை தொடர்ந்தது.

வெண்கலத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். தோள் கொடுத்தவருக்கும் அரசு ஒரு பதக்கம் தர ஒப்புக்கொண்டது ஒரு முன்னேற்றம். சுமந்தவரும் போரில் இருந்தார் என்பதை அரசே எழுத்தில் ஒத்துக்கொண்டது. அதே வேளையில், ஒரே மழையில் நனைந்து, ஒரே காலராவுக்கு அஞ்சி வாழ்ந்த இருவரில் ஒருவர் மதிப்புக் குறைந்தவர் என்று உலோகத்திலேயே முத்திரை குத்தியதும் அந்த முடிவுதான். இந்தப் பிரிவினைக்குச் சட்டபூர்வக் காரணம் சொல்லலாம். அறக் காரணம் சொல்ல முடியாது என்பதே என் முடிவு.

நேட்டால்: கரும்புத் தோட்டத்திலிருந்து களத்துக்கு

1860 நவம்பர் 16 அன்று ‘டுரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களைச் சூறையாடியபோது, ஊரை விட்டுக் கிளம்புவதே உயிர் பிழைக்கும் வழியாகப் பலருக்குத் தெரிந்தது.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. அப்போது டர்பனில் வழக்கறிஞராக இருந்த மோகன்தாஸ் காந்தி, காயம்பட்டவர்களுக்கு உதவ ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படையை அமைத்தார். செயின்ட் எய்டன்ஸ் மிஷனைச் சேர்ந்த டாக்டர் பூத் பயிற்சி கொடுத்தார். கூடவே களத்துக்கும் வந்தார். காந்தியின் தன்வரலாறு தரும் கணக்கின்படி படையில் 1,100 பேர். தலைவர்கள் ஏறக்குறைய 40 பேர். ஒப்பந்தத்தில் இல்லாத சுதந்திர இந்தியர் சுமார் 300 பேர். மற்றவர்கள் எல்லோரும் கரும்புத் தோட்டங்களிலிருந்து அனுப்பி வைக்கப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். தலைவர்களில் பலர் நேட்டாலிலேயே பிறந்து ஆங்கிலம் படித்த இளைஞர்கள்.

1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோவில் பிரிட்டிஷ் ஜெனரல் புல்லரின் படை தோற்றது. இந்திய ஆம்புலன்ஸ் படைக்கு வேலை தொடங்கியது. அடுத்த மாதம் ஸ்பியன் காப் மலையில் போர். ஜனவரி 23 இரவு மலையேறிய பிரிட்டிஷ் படை, மறுநாள் விடிந்து மூடுபனி விலகியபோது, மூன்று பக்கமும் எதிரியின் துப்பாக்கிகளுக்கு நேரே நின்றது. பாறை இறுகிய உச்சியில் ஆழமாகப் பதுங்குகுழி வெட்டவும் முடியவில்லை. மாலைக்குள் உச்சி பிணக்காடானது.

இந்தியப் படை குண்டு எட்டும் தூரத்துக்குள் வரத் தேவையில்லை என்பதுதான் முதல் ஏற்பாடு. ஸ்பியன் காப்பில் ஆள் போதாமல், களத்திலிருந்தே காயம்பட்டவர்களை எடுத்துவர இயலுமா என்று புல்லர் கேட்டனுப்பினார். கட்டாயம் இல்லை, செய்தால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்பது செய்தி. அவர்கள் போனார்கள். மலையடியின் கள மருத்துவமனையிலிருந்து பின்தளத்துக்கு ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்து நடந்தார்கள். சில நாட்களில் 20 முதல் 25 மைல்வரை நடை என்று காந்தி எழுதுகிறார். அப்படிச் சுமக்கப்பட்டவர்களில் அந்தப் போரில் படுகாயமுற்ற ஜெனரல் வுட்கேட்டும் ஒருவர்.

அந்த நாட்களின் காட்சி ஒன்றை வீர் ஸ்டென்ட் என்ற பத்திரிகையாளர் பின்னாளில் எழுதினார். இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலையில் சாலையோரம் உட்கார்ந்து, சிப்பாய்க்குத் தரும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்த காந்தியை அவர் கண்டிருக்கிறார். பத்திரிகையாளரின் கண்ணில் தலைவர் பட்டார், எழுத்தில் நிலைத்தார். அதே சாலையில் அதே இரவில் ஸ்ட்ரெச்சர் சுமந்து வந்த கூலிகள் கூட்டமாகவே நின்றுபோனார்கள்.

முப்பதில் ஒருவர்

போருக்குப் பின் வந்தது ராணியின் தென்னாப்பிரிக்கப் பதக்கம். பின்பக்கத்தில் பிரிட்டானியா தேவி, நடந்து வரும் சிப்பாய்களை நோக்கி வெற்றி மாலையை நீட்டுகிறாள். இந்தப் பதக்கத்தின் உடம்பிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பி, முதலில் ‘1899–1900’ என்ற ஆண்டுகளோடு அச்சு வெட்டினார்கள். போர் 1902 வரை இழுத்தது. அச்சிலிருந்து ஆண்டுகளைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சில பதக்கங்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அழிந்த எண்களின் தடம் இன்றும் தெரியும்.

வெள்ளிப் பதக்கத்துக்கு 26 வகைப் பட்டைகள் இருந்தன. படையில் முறையாகச் சேராமல், படைச் சம்பளம் மட்டும் பெற்றவர்களுக்கு வெண்கலம். அதில் பட்டையே கிடையாது. வெள்ளியை அணிந்தவர் எந்தக் களத்தில் நின்றார் என்பதை நெஞ்சைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெண்கலத்தை அணிந்தவர் எங்கோ ஒரு போரில் ஏதோ ஒரு வேலை செய்தார் என்ற அளவோடு பதக்கம் வாயை மூடிக்கொள்ளும்.

இந்திய ஆம்புலன்ஸ் படையின் தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் வழங்கப்பட்டதாகக் காந்தி பதிவு செய்திருக்கிறார். 1,100 பேரில் 37 என்றால் ஏறக்குறைய முப்பதில் ஒருவர். காந்தி தம் பதக்கத்தை 1920 ஆகஸ்டில், ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, கைசர்-ஈ-ஹிந்த் பதக்கத்தோடும் ஜூலு போர்ப் பதக்கத்தோடும் சேர்த்து வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்புவதும் ஓர் அரசியல் செயலானது, கையில் பதக்கம் இருந்ததால். கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பிப் போன கூலிக்கு அந்தப் பேச்சும் கிடைக்கவில்லை.

ஆனால் அவர்கள் ஆவணமே இல்லாதவர்கள் அல்லர். இதுதான் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம். கப்பலேறிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் காலனி ஓர் எண் கொடுத்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள மச்சம், தழும்பு வரை எல்லாவற்றையும் எழுதி வைத்தது. ஓடிப்போனால் பிடிப்பதற்கு எழுதிய அடையாளங்கள் அவை. உழைப்பை வாங்கும்போது ஒரு மனிதனின் தழும்பைக்கூட விடாமல் எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதே மனிதன் குண்டு மழையில் ஸ்ட்ரெச்சர் சுமந்தபோது பெயரைக் காப்பாற்றி வைக்கத் தோன்றவில்லை. சுமந்தவர்கள் மறக்கப்பட்டதற்குக் காலம் காரணமில்லை. பட்டியல் எழுதியவர்கள் எடுத்த முடிவே காரணம்.

ஜோகன்னஸ்பர்க்கின் அப்சர்வேட்டரி குன்றில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அந்தப் போரில் இறந்த இந்தியப் படையினருக்கும், கால்நடை மருத்துவ உதவியாளர்களுக்கும், லாடம் அடிப்பவர்களுக்கும், பின்தொடர்வோருக்கும் பொதுவாக எழுப்பியது. கல்லாவது அவர்களை ஒரே வரிசையில் வைத்தது.

செய்ய வேண்டியவை

இந்த வரலாற்றை மீட்க வழி உண்டு. நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஜில்லாவும் தாலுகாவும் கிராமமும் எழுதப்பட்டிருப்பதால், கோயம்புத்தூர், சேலம் பெயர்களைத் தனியே பிரித்தெடுத்து, 1899இல் அவர்கள் வேலை செய்த தோட்டங்களோடு ஒப்பிடலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் மாவட்டப் பதிவுகளை மலைப்பாதை, வெலிங்டன் முகாம் ஆகியவற்றின் கண்கொண்டு வாசிக்கலாம். பர்மா போரின் வெண்கலப் பதக்கப் பட்டியல்களில் சென்னைப் படையின் மருத்துவப் பிரிவுகளைத் தேடலாம். கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் உள்ள பல்கலைக்கழக, கல்லூரி வரலாற்றுத் துறைகள் இதைப் பட்ட ஆய்வுத் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளத் தகும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் கறுத்துப்போன வட்ட வெண்கலம் ஒன்று கிடந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய உலோகக் கடைக்கும் போடாதீர்கள். விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து தெரிந்தால் படம் எடுத்து, அருகில் உள்ள கல்லூரியின் வரலாற்று ஆசிரியரிடம் காட்டுங்கள். வெள்ளிக்காரர்களின் வரலாற்றை எழுத ஏராளமானோர் இருக்கிறார்கள். வெண்கலக்காரர்களின் வரலாற்றை அவர்கள் ஊர்க்காரர்களாகிய நாம்தான் எழுத வேண்டும்.